மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை

என் தங்கை பிரீத்திகா இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. போன அக்டோபர் வரைக்கும் தெரியும். இங்கிலாந்தில், மான்செஸ்டரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வடக்கே போனால் வருகிற ஒரு சின்ன ஊரில் இருந்தாள். நானும் என் மனைவி ஹரிதாவும் அந்த வீட்டில் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தோம். நாங்கள் காங்கேயம் திரும்பிய மூன்றாவது வாரம் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அவள் நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது. நாங்கள் நன்றாக இருக்கிறோம், தேஜு நன்றாகப் படிக்கிறாள், கவலைப்பட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பிரீத்திகா எனக்கு ஆயுசில் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியது கிடையாது. கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இதற்குக் காரணம் நான்தான். மழையின் மேலோ, விதியின் மேலோ, அவள் ஜாதகத்தின் மேலோ பழி போட நான் தயாராக இல்லை. சொந்தக்காரர்கள் அப்படித்தான் போடுகிறார்கள், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது.

காங்கேயத்தில் எனக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்துக் காயவைத்துப் பருப்பாக எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற தொழில். ஆனால் ஊரில் எனக்குப் பேர் வேறொன்றால். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு, புருசன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபம் என்றால் 'கதிர்வேலண்ணனைக் கூப்பிடுங்க' என்பார்கள். போவேன், காபி குடிப்பேன், இரண்டு பக்கமும் பேசவிட்டுக் கேட்பேன். பேசித் தீராத விஷயம் உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயது வரைக்கும் இந்த மடத்தனத்தோடு ஒரு மனிதன் நிம்மதியாக வாழ முடிந்திருக்கிறது.

மாப்பிள்ளை மதன்குமார் அவிநாசிக்காரர். கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வராது. நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கு, குளிர் தாங்க மாட்டேன் என்று தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். இப்போதும் பாருங்கள், 'அவர்' என்றுதான் வருகிறது. என்னை வெட்டிப் போட்டாலும் 'அவன்' என்று வராது போலிருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். பிரீத்திகாவுக்குப் பிறந்த வீடு என்றால் இனி நான்தான். அம்மா இறந்தபோதுகூட அவள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். மூன்று வருஷமாக முகத்தைப் பார்க்கவில்லையே, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஹரிதாதான் பிடிவாதமாக விசா எடுக்க வைத்தாள்.

அந்த வீட்டில் எனக்கு எல்லாம் கண்ணில் பட்டது, எதுவும் மண்டையில் ஏறவில்லை. வாசல் கதவுக்கு ஒரே ஒரு சாவி, அது மாப்பிள்ளையின் பையில் இருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு கேமரா. குழந்தை அடுப்புப் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக என்றார். "ஏங்கண்ணு இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று நான் தங்கையைக் கேட்டால், "டயட்டுல இருக்காளுங்க மச்சான்" என்று அவர் பதில் சொல்வார். அவள் சிரிப்பாள். வீட்டுக்குள்ளேயே தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு திரிந்தாள், குளிருக்கு என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளே ஹரிதா சொன்னாள். "இந்த ஊட்டுல ஏதோ சரியில்லீங்க. பிரீத்தி என்னைத் தனியாப் பாத்தாலே பயப்படறா."

"உனக்கு எதுலயும் ஒரு சந்தேகம்" என்று அவள் வாயை அடைத்தேன். இதிலும் நான் கெட்டிக்காரன்.

எட்டாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் மத்தியானம் எங்களுக்கு விமானம். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். மாடிப்படிக்குக் கீழே, துணி மெஷின் இருக்கிற மூலையில் நின்றுகொண்டு பிரீத்திகா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"ண்ணா, இன்னைக்கு ஜூவுக்குப் போகோணும்னு நீங்களாக் கேளுங்க. நாங் கேட்டா வேண்டாம்பாரு."

குழந்தை ஆசைப்படுகிறது போல என்று எண்ணிக்கொண்டு நானும் கேட்டேன். மாப்பிள்ளை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். "இந்த மழையில எதுக்குங்க மச்சான்? தொப்பலா நனைஞ்சு போயிருவீங்க."

"வந்ததுக்கு ஒருக்காப் பாத்துப்போட்டுப் போறமுங்க மாப்பிள்ளை. புள்ளையும் ஆசைப்படுது."

ஊருக்குப் போகிற மச்சான் வாய்விட்டுக் கேட்டால் மாப்பிள்ளை மறுக்க மாட்டார். அது பிரீத்திகாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மரியாதையை அவள் ஒரு கதவாகப் பயன்படுத்திப் பார்த்தாள். அதே மரியாதையால் நான் அந்தக் கதவைச் சாத்தினேன்.

ஜூ பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தது. ரொம்பச் சின்னது. சிங்கம் கிடையாது, யானை கிடையாது. நீர்நாய், மீர்கேட் என்று கீரி மாதிரி ஒரு கூட்டம், வால் நீண்ட குரங்குகள், பென்குயின், ரெண்டு ஒட்டகம். டிக்கெட் கொடுத்த பெண்ணே 'இன்றைக்கா வந்தீர்கள்' என்பதுபோல எங்களைப் பார்த்தாள். முக்கால்வாசி மிருகங்கள் மழைக்குப் பயந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. வெளியே நனைந்துகொண்டு நின்றது நாங்கள்தான். குரங்குகள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தன.

பிரீத்திகாவின் மகள் தேஜஸ்ரீக்கு ஆறு வயது. மஞ்சள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "மாமா, மீர்கேட் எங்க?" என்பாள். நான் தேடி ஒரு மூக்கு நுனியைக் காட்டினால் போதும், குதிப்பாள். அந்த எட்டு நாளில் அந்தக் குழந்தை என்னிடம் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்பா பக்கத்தில் வரும்போது மட்டும் குதிப்பதை நிறுத்திவிடுவாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன்.

ஒரு வேலிக்குள் மாடு நின்றது. சத்தியமாக மாடுதான். திமில் வைத்த ஒரு குட்டை மாடு, நம் ஊர்க் கன்றுக்குட்டி உயரம். பலகையில் 'செபு, தெற்காசியா' என்று எழுதியிருந்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குடையைப் பிடித்துக்கொண்டு அதோடு நின்று போட்டோ எடுத்தது. "மாட்டைப் பாக்கறதுக்கு டிக்கெட் எடுத்து இத்தனை தூரம் வந்த காங்கேயத்துக்காரன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தேன். ஹரிதாவும் சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. ஆபீஸ் போன். எதிரே ஒரு கூரைக்கடியில் ஒதுங்கி நின்று பேச ஆரம்பித்தார். ஹரிதா குழந்தையைக் கூட்டிக்கொண்டு அடுத்த வேலிக்கு முயல் பார்க்கப் போனாள். பிரீத்திகா என் பக்கத்தில் வந்து நின்று, மாட்டைக் கையால் காட்டினாள்.

"ண்ணா, மாட்டப் பாத்துக்கிட்டே நில்லுங்க. என்னையப் பாக்காதீங்க. அவரு பாத்துட்டிருப்பாரு."

"என்ன கண்ணு?"

"சிரிங்க. சிரிச்சுட்டே கேளுங்க. மூணு மணிக்கு வெளிகேட்டுல ஒரு கார் வரும். ஒரு பொம்பள வருவாங்க. நானும் தேஜுவும் அதுல போயிருவோம். பாதுகாப்பா ஒரு எடம் இருக்குதுங்கண்ணா, புள்ளைங்களோட பொம்பளைங்க தங்கறது. தேஜுவோட டீச்சர்தான் ஏற்பாடு பண்ணுனாங்க. அந்தப் பொம்பள ரெண்டு தடவ ஸ்கூலுக்கே வந்து என்கிட்டயும் தேஜுகிட்டயும் பேசிட்டுப் போனாங்க. என்ற போனை அவரு பாக்கறாரு, அதனால எல்லாமே ஸ்கூல்லதான்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஏஞ்சாமி, மாப்பிள்ளை என்ன பண்ணுனாரு?" என்றேன்.

அவள் ரெயின்கோட்டின் தலைமறைப்பைச் சரி செய்வதுபோல ஒரு நொடி பின்னால் தள்ளி, ஸ்கார்ஃபை விலக்கினாள். காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் தடித்துப் பளபளவென்றிருந்தது. ஒரு தடவை பிடுங்கியதால் வருவதில்லை அது. அதே இடத்தில், திரும்பத் திரும்ப. மழை அதன்மேல் விழுந்தது. உடனே மூடிக்கொண்டாள்.

"சத்தமே போடமாட்டாருங்கண்ணா. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு மெதுவாத்தான் பேசுவாரு. தேஜு முன்னாலயேதான்."

 வேலியைப் பிடித்துக்கொண்டேன். மாடு எங்களைப் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

"நம்ம ஊட்டுக்கு வந்துரு கண்ணு. நாளைக்கே. நான் கூட்டிட்டுப் போறேன்."

"பாஸ்போர்ட்டு ரெண்டும் அவரு பூட்டி வெச்சிருக்காரு. கேட்டா அன்னைக்கோட முடிஞ்சுது. மொதல்ல இங்கிருந்து போயிர்றேன், அப்பறம் நம்ம ஊட்டுக்கு வாரேன். அண்ணிகிட்டச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க போதும். ரெண்டே முக்காலுக்கு நானும் அண்ணியும் தேஜுவைக் கூட்டிக்கிட்டு பாத்ரூம் போறோம்னு கெளம்புவோம். நீங்க அவரைக் கேன்டீன்ல உக்காத்தி வெச்சுப் பேசிட்டே இருங்க. தேங்கா வெலை பேசுங்க, ஊர் நாயம் பேசுங்க. அரை மணி நேரம். ண்ணா, இதப் பத்தி மட்டும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிராதீங்க. ஒரே ஒரு வார்த்தை."

"சரி கண்ணு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

அடுத்த ஒரு மணி நேரம் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவு திட்ட முடியும்.

முதலில் ஆத்திரம் வந்தது. மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அது கால் மணி நேரத்தில் வடிந்துவிட்டது. அப்புறம் வந்தது வெட்கம். அண்ணன் நான் குத்துக்கல்லு மாதிரி உயிரோடு நிற்கும்போது, என் தங்கச்சி யாரோ முகம் தெரியாதவர்களோடு, ஏதோ ஒரு விடுதியில் போய் ஒதுங்குவதா? நாளைக்கு அவிநாசியில் அவர் அப்பா அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? 'உங்க பொண்ணு ஓடிப் போச்சுங்க' என்று சொல்வார்கள். ஓடிப்போச்சு. அந்த வார்த்தையை நினைத்தாலே எனக்குக் கூசியது. அவள் காதுக்குப் பின்னால் பார்த்ததைவிட அந்த வார்த்தை எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. 

எங்களில் ஒரு முறை உண்டு. கட்டிக் கொடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டுமென்றால், அப்பனோ அண்ணனோ நேரில் போய் மாப்பிள்ளையிடம் கேட்பார்கள். "ரெண்டு மாசம் அனுப்பி வைங்க" என்று கேட்பார்கள். "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்காமல் பெண் வாசலைத் தாண்ட மாட்டாள். சண்டை போட்டுக்கொண்டு வருகிற பெண்ணுக்குக்கூட அப்படித்தான். எத்தனையோ வீட்டில் இந்த ஒரு வார்த்தையை நான் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முரட்டு ஆளாக இருந்தாலும், நேரில் போய் மரியாதையாகக் கேட்டால் இல்லையென்று சொன்னவர் கிடையாது. அனுப்பி வைத்த பிறகு மிச்சத்தைச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்.

ஆகவே நான் முடிவு செய்தேன். அவளுக்கு எதற்கு விடுதி? முன்வாசல் வழியாக, தலை நிமிர்ந்து என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேட்கிற விதத்தில் கேட்டால் பாஸ்போர்ட்டை அவரே எடுத்துக் கொடுப்பார். காரைப் பற்றி மூச்சு விட மாட்டேன். அடித்ததைப் பற்றியும் பேச மாட்டேன். அனுப்பி வையுங்கள் என்று மட்டும் கேட்பேன். அவள் சொல்லாதே என்றது காரைப் பற்றித்தானே என்று எனக்கு நானே ஒரு வக்கீலையும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி வாக்கில் எல்லோரும் கேன்டீனுக்குப் போனோம். ஈரக் கோட்டுகளின் வாசம். குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. சாண்ட்விச் தின்று முடித்ததும், பென்குயினுக்கு மீன் போடுகிற நேரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்படியே பாத்ரூம் போய் வருவதாகச் சொல்லிப் பெண்கள் மூவரும் எழுந்தார்கள். கதவருகே பிரீத்திகா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அந்த எட்டு நாளில் அன்றைக்குத்தான் அவள் என் தங்கை மாதிரி இருந்தாள்.

மாப்பிள்ளை எனக்கு டீ வாங்கி வந்து, சர்க்கரையைக் கலக்கியும் வைத்தார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றேன்.

"சொல்லுங்க மச்சான்."

"அம்மா போனதுல இருந்து ஊடே வெறிச்சுன்னு கெடக்குதுங்க. அம்மணியையும் புள்ளையையும் ஒரு ரெண்டு மாசம் எங்கூட அனுப்பி வைங்க. நாளைக்கே டிக்கெட் கெடைக்குதான்னு பாக்கறேன். உங்களுக்கு எப்ப வேணுமோ அப்ப நானே கொண்டாந்து விட்டுப்போட்டுப் போறேனுங்க."

சொல்லிவிட்டுக் கை இரண்டையும் லேசாகக் குவித்தேன். அதுவும் எங்கள் முறைதான்.

அவர் மேஜையில் சிந்தியிருந்த டீயை டிஷ்யூவால் துடைத்தார். அப்புறம் சிரித்தார்.

"அதுக்கென்னங்க மச்சான், தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. உங்க தங்கச்சிங்க அவ."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவ்வளவுதானா! இதற்குப் போய் இந்தப் பெண் பாத்ரூம், கார் என்று என்னென்னவோ திட்டம் போட்டுக்கொண்டு கிடக்கிறாளே என்று நினைத்தேன். எழுந்து ஓடிப் போய் அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. என் மேலேயே எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆமாம், பெருமைதான்.

"பிரீத்தி கேக்கச் சொன்னாளுங்களா?" என்றார்.

"இல்லீங்க, நானாத்தான்."

"மாட்டுக்கிட்ட நின்னு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்க."

"அது ஊர் நாயமுங்க."

"அழுதாளுங்களா மச்சான்?"

"செத்தக் கண்ணு கலங்குச்சுங்க. அம்மாவ நெனச்சு."

அவர் தலையாட்டினார். டிஷ்யூவை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "மழ எச்சாவுதுங்க. இருட்டறதுக்குள்ள ஊடு போயிரலாமா?"

மணியைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தைந்து.  "இருங்க மாப்பிள்ளை, மூணேகால் வரைக்கும் இருந்துபோட்டுப் போலாம்."

"மூணேகாலுக்கு என்னங்க இருக்குது?"

நான் ஊரெல்லாம் நியாயம் பேசுகிறவன். எனக்கு வாயில் ஒரு பொய் வரவில்லை. "சும்மா சொன்னேனுங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. கணக்குப் பரீட்சையில் விடை கிடைத்துவிட்ட பையனுடைய முகம் மாதிரி இருந்தது. எழுந்து, என் கோட்டை எடுத்து எனக்கு மாட்டிவிட்டு, வெளியே நடந்தார். ஓடவில்லை. நடந்துதான் போனார். நான்தான் பின்னால் ஓடினேன்.

பென்குயின் குளத்தருகே அவர் முதலில் செய்தது குழந்தையைத் தூக்கியது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "குளுருது பாருங்க புள்ளைக்கு. கெளம்பலாம்" என்றார். ஒரு கையால் பிரீத்திகாவின் முழங்கையைப் பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு, வழுக்குகிற தரையில் பெண்டாட்டியை எவ்வளவு பத்திரமாகக் கூட்டிப் போகிறார் என்று தோன்றும்.

பிரீத்திகா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை, அழவுமில்லை. முகத்திலிருந்த அந்தத் தெளிச்சி மட்டும் போய்விட்டது. விளக்கை அணைத்த மாதிரி.

"என்னங்க சொல்லித் தொலைச்சீங்க?" ஹரிதா என் காதுக்குள் கேட்டாள்.

"அனுப்பி வைங்கன்னு கேட்டேன். அவரு சரின்னுட்டாரு. தாராளமான்னாரு."

ஹரிதா நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்து இருபது வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை. "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்றாள்.

அப்போதும் நேரம் இருந்தது. இதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் இருநூறு அடி நடந்தோம். ஆட்கள் இருந்தார்கள், சீருடை போட்ட காவலாளிகூட ஒருத்தர் இருந்தார். நான் மாப்பிள்ளையின் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். குழந்தையைப் பிடுங்கியிருக்கலாம். நடுரோட்டில் படுத்துக் கத்தியிருக்கலாம், பாஷை தெரியாவிட்டால் என்ன. என்ன பெரிதாக ஆகியிருக்கும்? ஹரிதா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளை காரின் பின்கதவைத் திறந்து, என் தலை இடிக்காமல் கையை மேலே வைத்துக்கொண்டு, "பாத்து ஏறுங்க மச்சான்" என்றார். ஏறினேன்.

அவர் ஓட்டினார். பிரீத்திகா முன்னால். பின்னால் நடுவில் குழந்தைகளுக்கான உயர இருக்கையில் தேஜஸ்ரீ, அந்தப் பக்கம் ஹரிதா, இந்தப் பக்கம் நான். தேஜஸ்ரீ என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போது தூக்கி வந்துவிட்டாலும், அதற்குள் பென்குயின் எத்தனை மீன் தின்றது என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளிகேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. மணி இரண்டு ஐம்பது. கேட்டுக்கு வெளியே ஓரமாக ஒரு சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும், நீலக் குடையோடு, ஜூவுக்குள்ளிருந்து நடந்து வருகிற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரின் பின்சீட்டில் ஒரு குழந்தைக்கான உயர இருக்கையைத் தயாராக மாட்டி வைத்திருந்தாள்.

பிரீத்திகா தலையைத் திருப்பவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஊர்ந்து ஊர்ந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நடுவில் மழை வழிகிற ஒரு கண்ணாடிதான். அவள் குனிந்து எங்கள் காருக்குள் பார்த்தாள். தேஜஸ்ரீயைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, பிறகு அப்படியே நின்றுபோனது. கை பாதி உயர்ந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்து, ரொம்ப அன்பாக, "அந்த ஆன்ட்டி யாரு தேஜும்மா? உனக்குத் தெரியுமா?" என்றார்.

குழந்தையின் விரல்கள் என் விரலில் ஒரு தடவை இறுகின. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு தடவை ஸ்கூலுக்கு வந்து தன்னோடு பேசிவிட்டுப் போன அந்தப் பெண்ணை, நன்றாக, நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியாதுப்பா" என்றாள்.

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கண் சிமிட்டவில்லை. உடனே, "அப்பா, பென்குயின் பன்னெண்டு மீன் தின்னுச்சு" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். பிரீத்திகாவின் தோள்கள் ஒரு தடவை எழும்பி அடங்கின. வண்டி நகர்ந்தது.

ஆறு வயதுக் குழந்தை. எவ்வளவு நாள் பழகினால் அப்படி ஒரு பொய் சொல்ல வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வதாக இருந்தேன் என்று இப்போது நினைவில்லை. தேஜஸ்ரீ என்னை நிமிர்ந்து பார்த்தாள், முன்னால் தன் அப்பாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு தன் சின்ன விரலை உதட்டில் வைத்து, நான் பேசக் கூடாது என்று காட்டினாள்.